இறைப்புக்கு முறை உண்டு, குசினிக்கு?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புத்தூர்ச் சந்தியிலிருந்து உள்ளொழுங்கைகளுக்குள் நடந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளின் கொடிகளில் ஒரே நிறம்தான் தெரியும். பெண்பிள்ளைகளின் சீருடை முழு வெள்ளை. ஆண்பிள்ளைகளுக்குக் கீழ்வகுப்பில் நீலக் காற்சட்டை என்றாலும் சேட்டு வெள்ளைதான். மேல்வகுப்புக்குப் போனால் நீளக் காற்சட்டையும் வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளைக்குக் கீழே விரிந்து கிடப்பது வலிகாமத்துச் செம்மண். மாரி தொடங்கிவிட்டால் சைக்கிள் சில்லிலிருந்து தெறிக்கிற சேறு முதுகு வரைக்கும் கோடு இழுக்கும். கோடையில் புழுதி.

தண்ணீரும் துணைக்கு வராது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் இறங்கித் தங்குகிற மழைநீர்தான் கிணறுகளில் ஊறுகிறது. மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்நீருமாக நிற்கிற நிலாவரைக் கிணற்றை வெளியூரிலிருந்து வந்து அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் குடியிருந்து உடுப்புத் தோய்க்கிறவருக்கு அந்தச் சுண்ணாம்புக்கல் வேறு விதமாக அறிமுகம். சவர்க்காரம் லேசில் நுரைக்காது. இன்னும் கொஞ்சம் போட வேண்டும், இன்னும் கொஞ்சம் கசக்க வேண்டும், இன்னொரு வாளி தண்ணீரில் அலச வேண்டும். அப்படியும் வெள்ளை மெல்ல மங்கும். கேத்திலுக்குள் படிகிற வெண்ணிறப் படையைத் தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்துச் சுரண்டுவதும் இதே கணக்கில் சேரும்.

இலங்கை அரசு 1993 முதல் பாடசாலை மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. ஏழை வீடுகளுக்குப் பெரிய ஆறுதல் அது. ஆனால் துணி வந்த பிறகு அதைத் தைப்பிப்பது, வாரத்தில் ஐந்து நாளும் வெள்ளையாக வைத்திருப்பது, மினுக்குவது, தெறித்த பொத்தானைத் தேடிப் பூட்டுவது எல்லாம் வீட்டுக்குள் யாரோ ஒருவரின் தலையில் விழுகிறது. அந்த ஒருவர் யார் என்று புத்தூரில் எவரையும் கேட்டறியத் தேவையில்லை.

பள்ளிக்கூட மணி காலை 7.30க்கு அடிக்கும். அதற்கு முன் நடப்பவற்றை எழுதிப் பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். முற்றம் கூட்ட வேண்டும். தாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். மா குழைத்துப் புட்டு அவிக்க வேண்டும், தேங்காய் துருவிச் சம்பல் இடிக்க வேண்டும். அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டைக்கோ, கோப்பாயில் ஒரு கந்தோருக்கோ, யாழ்ப்பாண நகரத்துக் கடைக்கோ வேலைக்குப் போகிற தாய் என்றால் மத்தியானச் சோறு கறியும் விடியவே முடிந்திருக்க வேண்டும். சாப்பாட்டுப் பார்சல் கட்ட வேண்டும். அம்மம்மாவின் சீனி வருத்தக் குளிசையை எடுத்து வைக்க வேண்டும். கோழிக்கூடு திறக்க வேண்டும். இதற்கிடையில் உள்ளிருந்து ஒரு குரல் வரும்: “அம்மா, என்ர சொக்ஸ் எங்கை?”

வெங்காயக் காலத்தில் தோட்டத்துக்குப் போகிற பெண்களின் விடியல் இன்னும் முன்னதாகத் தொடங்குகிறது. நடுகை, களை பிடுங்கல், வெங்காயம் அரிந்து பிடி கட்டல் எல்லாவற்றிலும் அவர்களின் கை இருக்கிறது. அந்த வேலைக்குக் கூலி உண்டு, கூலிக்கு நேரக் கணக்கு உண்டு. வீடு திரும்பிய பிறகு தொடங்குகிற வேலைக்கு இரண்டும் இல்லை.

ஆண்கள் சும்மா இருக்கிறார்கள் என்று இங்கே சொல்லப்படவில்லை. விடியற்காலையில் மிசின் போட்டுத் தோட்டம் இறைத்துவிட்டுப் பகலில் மேசன் வேலைக்குப் போகிற தகப்பன்மார் புத்தூரில் நிறையப் பேர். கேள்வி, யார் கூடுதலாகப் பாடுபடுகிறார் என்பதைப் பற்றியதல்ல. வீட்டை ஒழுங்காக ஓட்டுவது என்ற பொறுப்பு எப்படி ஒரே ஆளின் பெயரில் எழுதப்பட்டது, ஏன் அப்படியே கிடக்கிறது என்பதுதான்.

எண்கள் இருக்கின்றன. இலங்கையில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் முதன்முதலாக ஒரு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வை 2017இல் நடத்தியது. ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் யார் எதில் செலவிடுகிறார் என்று கேட்ட அந்த ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெரும்பங்கு பெண்கள் மேல் இருக்கிறது என்பதைப் பதிந்தது. வேலைக்குப் போகக்கூடிய வயதில் இருக்கிற இலங்கைப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள் என்ற தகவலை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மற்றவர்கள் வேலையற்றவர்கள் அல்லர். அவர்களின் வேலை கணக்கில் இல்லை.

பக்கத்து இந்தியாவின் கணக்கு இன்னும் கூர்மையானது. அங்கே 2019இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88. இரு பக்கமும் ஏறத்தாழப் பத்துப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201க்கு வந்திருக்கிறது. ஐந்து ஆண்டில் ஒரு நிமிடம்! இதுகூட அந்த வேலையைத் தொட்டவர்களின் சராசரிதான். 2019இல் ஒரு நாளில் வீட்டு வேலை எதையாவது செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்கள் 81 பேர்.

நிமிடக் கணக்கில் வராத பாரம் ஒன்றும் இருக்கிறது. நாளை மறுநாள் சின்னவளுக்குத் தடுப்பூசி, அரிசி மா இன்னும் இரண்டு நாளைக்குத்தான் வரும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வேட்டி மினுக்க வேண்டும், மூத்தவனுக்குச் சப்பாத்து இறுகிவிட்டது, அடுத்த ஒழுங்கையில் அந்தியேட்டி, அதற்கு யார் போவது. இதெல்லாம் ஒருவரின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் பட்டியல். கைவேலையைப் பகிர்ந்துகொள்கிற வீடுகளிலும் இந்தப் பட்டியலைப் பகிர்வதில்லை. “சொல்லியிருந்தால் செய்திருப்பன்தானே” என்று கணவன் சொல்வது நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். ஆனால் பார்த்து, நினைவில் வைத்து, நேரம் பார்த்துச் சொல்வதும் ஒரு வேலை என்பது அந்த வசனத்துக்குள் இல்லை. எம்மா என்ற பெயரில் வரைகிற பிரெஞ்சுச் சித்திரக்காரர் ஒருவர் 2017இல் ஏறத்தாழ இந்த வசனத்தையே தலைப்பாக்கி ஒரு படக்கதை வரைந்தார். அது பல நாடுகளில் பெண்கள் கைக்குக் கை மாற்றிக்கொண்ட கதையாயிற்று. பாரிஸில் குடியேறிய புத்தூர்க் குடும்பங்களின் குசினியிலும் அதே வசனம்தான் ஒலித்திருக்கும்.

இந்தப் பட்டியல் ஒருகாலத்தில் ஒரு தலைக்குள் மட்டும் இருந்ததில்லை. நாட்காட்டியே அதைச் சுமந்தது. வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவி மரக்கறி. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. மிளகாய் மலிகிற காலத்தில் வாங்கிக் காயவைத்து, வறுத்து, ஆண்டுக்கான தூளை இடித்து வைப்பது. பனங்கிழங்கு கிண்டுகிற காலத்தில் ஒடியலும் புளுக்கொடியலும். மாரிக்கு முன் கூரை, கோடையில் வேலி. கிடுகு பின்னவும் வேலி அடைக்கவும் அயல் முழுவதும் வரும். இன்று உங்கள் வேலி என்றால் நாளை எங்கள் வேலி. அரிசி மா இடிக்கிற நாளில் உரலைச் சுற்றி மூன்று உலக்கை விழும். மூவர் இடிக்க ஒருத்தி அரிக்க இன்னொருத்தி வறுப்பாள். வேலை கடினமானது, ஆனால் எப்போது, யார், எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தை ஏக்கத்தோடு மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்து வசதியான வீடுகளின் ஒழுங்கு, குடிமை முறையின் தோளில் நின்றது. அவர்களின் வெள்ளையை வெளுத்தது சலவைத் தொழிலாளரின் கை. அந்தக் கைக்குரியவர் வீட்டின் பின்வாசலில் நிறுத்தப்பட்டார். மலையகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட சிறுபிள்ளைகள், தங்களின் பள்ளிக்கூட வயதில் பிறர் வீட்டுச் சட்டி பானை கழுவினார்கள். அந்தக் கைகள் விடுபட்டது நல்ல மாற்றம். சிக்கல் எங்கே என்றால், அத்தனை கைகள் சேர்ந்து தாங்கிய ஒழுங்கை இன்று ஒரு சிறு குடும்பத்தின் தாய் தனியாகத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில். கைகள் குறைந்தன. எதிர்பார்ப்பு குறையவில்லை. பெரிய வீட்டின் அளவுகோலைச் சின்ன வீட்டின் மேல் வைத்துப் பார்க்கிற மாமிமார் இன்னும் இருக்கிறார்கள்.

போர்க்காலம் இன்னொரு வகையான ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது. 1990இலிருந்து சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. போத்தல் விளக்கின் ஒளியில் சமையலை முடித்தார்கள். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, கொஞ்ச நகை, அவசர மருந்து எல்லாம் அதற்குள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது மழையில் நனையாமல் தலையிலும் மார்பிலும் வைத்துக் காக்கப்பட்டது அந்தப் பைதான்.

பையின் சிறப்பு அதற்குள் இருந்தவற்றில் மட்டும் இல்லை. அது எங்கே இருக்கிறது, யார் தூக்குவார், அவர் இல்லாவிட்டால் அடுத்து யார் என்பது வீட்டில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பாடசாலை விடுகைப் பத்திரத்தைத் தேடி “அம்மா, எங்கை வைச்சனீங்கள்?” என்று கேட்கிற நேரமில்லை. உயிர் போகிற அவசரத்தில் குடும்பம் முழுவதும் ஒன்றை அறிந்துவைத்திருக்க முடிந்தது. அமைதிக்காலத்தில் அதே குடும்பத்தில் உப்புப் போத்தல் இருக்கிற இடத்தையும் ஒருவர்தான் அறிவார். வீட்டு ஒழுங்கு பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களைத் தேடுகிற இளந்தம்பதிகள், தங்கள் பெற்றோரிடம் அந்தப் பையைப் பற்றி ஒருமுறை கேட்கலாம்.

பிறகு இயந்திரங்கள் வந்தன. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த காசில் சோறு அவிக்கும் பாத்திரம், மிக்சி, உடுப்புத் தோய்க்கும் மெசின் எல்லாம் புத்தூர் வீடுகளுக்குள் வந்துவிட்டன. அம்மியும் ஆட்டுக்கல்லும் கோடிப்புறத்துக்குப் போயின. உடம்பு நோவு குறைந்தது உண்மை. நேரம் குறைந்ததா? ஜோவன் வானெக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1974இல் வெளியிட்ட ஒரு கணக்கு இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்றை வைத்திருக்கிறது. வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசிகள் 1924இல் வாரத்துக்கு 52 மணி நேரம் அளவில் வீட்டு வேலை செய்தார்கள். மெசினும் குளிர்சாதனப் பெட்டியும் வந்துவிட்ட 1960களில் அது 55 மணி நேரமாக இருந்தது. இயந்திரம் வந்ததும் அளவுகோல் உயர்ந்தது. வாரத்துக்கு ஒருமுறை தோய்த்த உடுப்பை நாள்தோறும் தோய்க்கத் தொடங்கினார்கள். வெளியே கொடுத்த வேலைகளும் வீட்டுக்குள் திரும்பி வந்தன. சலவைத் தொழிலாளரிடம் போன உடுப்பு மெசினுக்கு வந்தபோது யாழ்ப்பாணத்திலும் இதுவே நடந்தது. மெசின் தோய்க்கும், உடுப்பைப் பிரிப்பதும், கொடியில் போடுவதும், மழை இருண்டால் ஓடிப்போய் எடுப்பதும், மடித்து அவரவர் அலுமாரியில் வைப்பதும் மெசினுக்குத் தெரியாது.

அந்த இயந்திரங்களும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதை 2022இன் பொருளாதார நெருக்கடி காட்டியது. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பொச்சும் பாளையும் பன்னாடையும் பொறுக்கி அடுப்பு மூட்டத் தெரிந்த கைகள் யாழ்ப்பாணத்தில் இருந்ததால் பல வீடுகளில் உலை கொதித்தது. ஆனால் புகைக்கும் கரிப்பானைக்கும் திரும்பிப் போன கூடுதல் நேரம் யாருடையது என்று பொருளாதார அறிக்கைகள் அரிதாகவே கேட்கும்.

ஒரு வீட்டுக்கு இந்தக் கணக்கு முழுதாகத் தெரியவருவது, தாய் மூன்று நாள் வைத்தியசாலைக் கட்டிலில் படுக்கும்போதுதான். ஐஸ்லாந்து என்ற நாடு அதை ஒரு நாளில், நாடு முழுவதற்குமாகச் செய்து பார்த்தது. 1975 ஒக்டோபர் 24 அன்று அங்குள்ள பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கந்தோர் வேலையையும் வீட்டு வேலையையும் ஒருசேர நிறுத்தினார்கள். தகப்பன்மார் பிள்ளைகளை வேலைத்தலங்களுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. புத்தூரில் அப்படி ஒரு நாள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் புத்தூரிடம் ஐஸ்லாந்திடம் இல்லாத ஒரு பாடம் இருக்கிறது.

அது பங்குக் கிணறு. வலிகாமத்துத் தோட்டக்காணிகளில் பல, ஒரு கிணற்றைப் பலர் பங்கு கொண்டவை. காணி உறுதிகளில் நிலத்தின் எல்லையோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். யாருக்கு எந்த நாள், காலையா பின்னேரமா என்ற இறைப்பு முறை தலைமுறை தலைமுறையாக நடக்கும். தன் முறை வந்தால் ஒருவர் தோட்டத்துக்குப் போவார். போக முடியாவிட்டால் மாற்றிக்கொள்வார். அதை யாரும் அவருக்கு நினைவூட்டத் தேவையில்லை. முறைக்கு இறைக்கப் போனவரைக் கிணற்றுக்கு “உதவி செய்தார்” என்று எவரும் சொல்வதில்லை. பங்கு இருப்பதால் முறை இருக்கிறது. கோயில் திருவிழாவிலும் இதே அறிவு தொழிற்படுகிறது. பத்து நாள் திருவிழா என்றால் பத்து உபயகாரர்; தன் நாளுக்கு வேண்டிய பூவிலிருந்து மேளம் வரை அந்த வீடே பார்த்துக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். இலங்கைப் பாடசாலைகளில் வகுப்பறையைக் கூட்டுவது பிள்ளைகளே. திங்கட்கிழமை இந்தக் குழு, செவ்வாய் அந்தக் குழு என்று பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். ஆண்பிள்ளை தும்புத்தடி பிடித்துக் கூட்டுகிறான், கரும்பலகை துடைக்கிறான், வளவில் குப்பை பொறுக்குகிறான். அங்கே அவனுக்குக் கை கூசுவதில்லை. அதே பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கோப்பையை மேசையில் விட்டுவிட்டு எழும்புகிறான் என்றால், கூட்டத் தெரியாததாலோ சோம்பலாலோ அல்ல. வீட்டுச் சுவரில் அவன் பெயர் எழுதப்படவில்லை. தங்கச்சியின் பெயரோ எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது.

“படிக்கிற பிள்ளை, அவனைக் குழப்பக்கூடாது” என்ற பதில் இந்த இடத்தில் வரும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரைக்கும் ரியூசனோடு ஓடுகிற பிள்ளைகளின் களைப்பு பொய்யல்ல. ஆனால் அந்தச் சலுகை ஒரே ஓட்டம் ஓடுகிற அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே அளவாகக் கிடைக்கிறதா என்பதை ஒவ்வொரு வீடும் நெஞ்சில் கைவைத்துக் கேட்க வேண்டும். சாதாரண தரத்தில் மனைப்பொருளியல் ஒரு பாடமாக இருக்கிறது. அதை எடுக்கிற ஆண்பிள்ளை அபூர்வம். சோறு எல்லோருக்கும் பொது. சோற்றைப் பற்றிய பாடம் பெண்பிள்ளைக்கு என்ற எண்ணம் ஆசிரியர் அறையிலிருந்தே மாற வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பழைய சட்டம் இந்த விடயத்தில் வியப்பான ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரித்தது. திருமணத்துக்குப் பிறகு தேடியது தேடிய தேட்டம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதில் கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்று எழுதியது. 1947இல் திருத்தப்பட்ட பிறகும், ஒருவர் இறந்தால் அவரின் தேடிய தேட்டத்தில் பாதி மற்றவருக்கு என்பது நிலைத்தது. கணவன் தோட்டத்தில் தேடினான், மனைவி வீட்டில் தேடினாள், இரண்டும் சேர்ந்தே தேட்டம் என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தபோது தமிழ்நாட்டில் அது பெரிய செய்தியானது. யாழ்ப்பாணத்தார் அதைத் தங்கள் ஊர்ப் பேச்சாகவே கேட்டிருக்கலாம். குறையும் இருக்கிறது: தன் பெயரில் உள்ள காணியை விற்க மனைவிக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற விதியும் அதே தேசவழமைச் சட்டத்தில்தான். பங்கைக் கொடுத்து, திறப்பைக் கொடுக்காத சட்டம்.

வீட்டு வேலையிலும் நடப்பது அதுதான். “வீட்டுக்கு அவதான் ராணி” என்று பங்கை வாயால் கொடுக்கிறோம். ஓய்வைக் கொடுப்பதில்லை.

எனவே செய்ய வேண்டியது என்ன? முதலில், இறைப்பு முறையை எழுதுவதுபோல வீட்டு முறையை எழுத வேண்டும். கிழிக்கிற நாட்காட்டி தொங்குகிற சுவர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஏற்கெனவே அதில்தான் எழுதப்படுகின்றன. அதன் பக்கத்தில் ஒரு கொப்பித் தாள் போதும். எழுதும்போது வேலையைத் துண்டாக வெட்டக்கூடாது, முழுதாகக் கொடுக்க வேண்டும். சீருடை ஒருவரின் முறை என்றால் தோய்ப்பது, காயவைப்பது, மினுக்குவது, பொத்தான் பார்ப்பது, சவர்க்காரம் முடியுமுன் வாங்குவது எல்லாம் அவருடையது. அப்போதுதான் பட்டியல் தாயின் தலையை விட்டு இறங்கும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் சப்பாத்தும் புத்தகப்பையும் தண்ணீர்ப் போத்தலும் தன் பொறுப்பு. பன்னிரண்டு வயதில் சோறு வைக்கத் தெரிய வேண்டும், ஆணோ பெண்ணோ.

அடுத்தது அளவுகோலை இறக்குவது. வேலை நாளில் இடியப்பமும் சொதியும் சம்பலும்தான் வேண்டும் என்பது எந்தச் சாத்திரத்திலும் இல்லை. செவ்வாயும் வியாழனும் பாண் என்று முடிவாகிவிட்டால் அந்த இரண்டு விடியலும் லேசாகும். ஊரிலேயே பெண்கள் சிறுதொழிலாக அரைத்து விற்கிற தூளையும் வறுத்த மாவையும் வாங்குவது இழுக்கல்ல; வீட்டுக்குள் விலையில்லாமல் போன ஒரு உழைப்புக்கு அங்கே ஒரு பெண்ணின் கையில் காசு கிடைக்கிறது. முற்றம் ஒருநாள் கூட்டப்படாமல் கிடந்தால் வருகிறவர் அதை மிதித்துக்கொண்டு வரட்டும்.

வீட்டுக்குள் மட்டும் தீர்கிற விடயமும் அல்ல இது. இலங்கையில் பிள்ளை பிறந்தால் தாய்க்கு 84 நாள் விடுமுறை. தகப்பன் அரச ஊழியர் என்றால் மூன்று நாள். தனியார் துறையில் சட்டப்படி எதுவுமே இல்லை. ஒரு குழந்தையின் முதல் வாரத்திலேயே அரசு முறையை எழுதி முடித்துவிடுகிறது. அது மாற வேண்டும். கைத்தொழிற்பேட்டையும் வெங்காயத் தோட்டமும் இருக்கிற ஒரு பகுதியில், முன்பள்ளி மத்தியானத்தோடு மூடிவிட்டால் மிச்ச நேரத்துக்குப் பிள்ளையைப் பார்க்கிற பகல் பராமரிப்பு நிலையம் பிரதேச சபையின் வேலைப் பட்டியலில், வீதி விளக்குக்கும் வடிகாலுக்கும் சமமான இடத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டெம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பிள்ளைகளின் பசிக்காகத்தான் வந்தது. ஆனால் பள்ளிக்கூடம் காலைச் சாப்பாட்டைக் கொடுத்தபோது பல வீடுகளில் தாயின் காலையிலும் கொஞ்ச நேரம் திரும்பக் கிடைத்தது.

வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் பெற்றோர் தனித்திருக்கிற வீடுகள் புத்தூரிலும் ஆவரங்காலிலும் சிறுப்பிட்டியிலும் கூடிக்கொண்டு வருகின்றன. அங்கே எழுபது வயதில் ஒரு பெண் இன்னும் விடியக் கூட்டுகிறாள், அவிக்கிறாள், கணவனின் குளிசையை எண்ணி வைக்கிறாள். பங்கு பிரிக்க அந்த வீட்டில் இரண்டே பேர்தான். தேத்தண்ணி போடத் தெரியாமல் எழுபதைத் தாண்டிய ஓர் ஆண், மனைவிக்குக் காய்ச்சல் வருகிற நாளில் படுகிற பாடு சிரிப்புக்குரியதல்ல. இளமையில் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டதன் விளைவு. இன்று பன்னிரண்டு வயதில் இருக்கிற மகனுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைக்கிற தாய் தகப்பனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வாசிக்கிற தகப்பன்மாரிடம் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நாட்காட்டிக்குப் பக்கத்தில் தாளை ஒட்டி, வீட்டு முறையை உங்கள் கையாலேயே எழுதுங்கள். திங்கட்கிழமைச் சீருடைக்கு நேரே முதல் பெயராக உங்கள் பெயரைப் போடுங்கள்.